இரண்டு பூப்பொட்டலம்

முப்பத்தெட்டு வயதில் மாசாணியம்மாளைத் தேடி இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று துறவுக்கு, மற்றொன்று கல்யாணத்துக்கு. இரண்டில் ஒன்று வந்தாலே ஊர் வாய் சும்மா இருக்காது. இவளுக்கு இரண்டும் ஒரே மாதத்தில் வந்து தொலைத்தன.

கோவையில் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் வேலை அவளுக்கு. புருஷன் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. அந்தத் துக்கத்தில் யாரோ கைபிடித்து அழைத்துப் போய் விட்ட இடம்தான் உக்கடத்தில் ஓர் அரிசிக்கடை மாடியில் நடந்த தியான வகுப்பு. ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் போய் உட்காருவாள். பொய் சொல்லக்கூடாது, அந்த வகுப்புதான் அவளைப் பிழைக்க வைத்தது. முணுக்கென்றால் வரும் கோபம் போயிற்று. மாத்திரை இல்லாமல் தூக்கம் வந்தது. ஒரு மடத்தின் சார்பில் அந்த வகுப்பை நடத்திய வரலட்சுமியம்மா தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மடத்துக்கே வந்துருங்க மாசாணி. சித்திரைப் பௌர்ணமியன்னைக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டுர்றோம். உங்களுக்கு இனி ஆசைன்னு என்ன இருக்குது?"

மாசாணி ஆனந்தத்தில் அழுதுகொண்டே வீடு வந்தாள். சரியாகப் பத்தாம் நாள், மில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவளிடம் ஃபிட்டர் அழகிரிசாமி வந்தார். மனைவியை இழந்தவர். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷர்.

"ஏனுங்க, உங்களுக்குச் சம்மதம்னா நாம கலியாணம் பண்ணிக்கலாமுங்க. இல்லீன்னாலும் ஒண்ணுமில்லீங்க, நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்."

"யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றாள். அதுதான் வினை. முடியாது என்று அப்போதே சொல்லியிருந்தால் மடத்து வாசல் திறந்தே இருந்திருக்கும். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே.

அதற்குப்பின் தியானம் தியானமாக இல்லை. கண்ணை மூடினால் நெற்றிக்கு நடுவே ஒளி வர வேண்டும், அழகிரிசாமிதான் வந்தார். 'முண்டை, உனக்கு எதுக்குடி இது' என்று தன்னையே திட்டிக்கொண்டு நாளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தாள். உப்பை விட்டாள், ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அந்த எண்ணம் மட்டும் விடவில்லை. போயிருந்த கோபமும் வட்டியோடு திரும்பி வந்தது. இதெல்லாம் தெரியாத வரலட்சுமியம்மா, "முகத்துல தேஜஸ் வந்துருச்சு" என்றார். பட்டினியில் எலும்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் அன்னூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருந்த அண்ணன் ஆறுச்சாமியிடம் சொன்னாள். அவன் கொடியவன் அல்ல. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவன்.

"நீ மடத்துக்குப் போனா ஊரே கையெடுத்துக் கும்புடும். இந்த வயசுல ரெண்டாங் கலியாணம்னா, மதிவதனிக்கு மாப்பிள்ளை பாக்கற எடத்துல நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றான். சற்று யோசித்துவிட்டு, "அம்மங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம். அவ சொன்னா நானும் கட்டுப்படறேன், நீயும் கட்டுப்படு" என்றான்.

கிணறு வெட்டுவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் அந்தப் பக்கத்தில் பூக் கேட்காமல் செய்யமாட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் மடம் என்று பேச்சு. வந்ததை மாற்றக் கூடாது.

பங்குனி வெள்ளிக்கிழமை காலையில் மாசாணி குளித்து, வாழையிலைத் துண்டில் மல்லிகை வைத்து நாரால் கட்டினாள். அடுத்தது செவ்வரளி. கை அதன் பக்கம் போயிற்று, போன கை திரும்பி வந்து மறுபடியும் மல்லிகையை எடுத்தது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. ஏழு வருஷத் தியானம் அந்த நேரத்தில் எந்த ஊருக்குப் போயிருந்ததோ.

பொட்டலங்கள் இருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பஸ்ஸில் வந்தாள். அம்மனை ஏமாற்றப் போகிறோம் என்ற பயம் ஒரு பக்கம், கல்யாணம் நடந்துவிடும் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். பயத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அதற்காகவும் பயந்தாள்.

கோயில் வாசலில் நின்ற அண்ணன் பையை வாங்கிக்கொண்டான். "தேங்கா பழத்தைக் கழுவிக்கிட்டு வாரேன், நீ உள்ள போ" என்று பின்பக்கக் குழாயடிக்குப் போனான். மணி அடித்தபிறகுதான் வந்தான்.

பூசாரி ராமுலு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். நார் இறுகிக் கிடந்தது, நகத்தால் கீறி அவிழ்த்தார்.

செவ்வரளி.

மாசாணி பூவையே பார்த்தாள். வைத்தவள் அவள். வைக்காத பூ எப்படி வரும்? அம்மன் கண்டுகொண்டாள், கண்டுகொண்டு மாற்றிவிட்டாள் என்று பயந்துபோனாள். வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

ராமுலு வழக்கப்படி அடுத்ததையும் பிரித்துக் காட்டினார். மல்லிகை.

அதைப் பார்த்து ஆறுச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டான். முகம் வெளுத்துவிட்டது. "அதெப்படிங்க வெள்ளையாச்சு? அதுவும் செவப்பாத்தானுங்களே இருக்கோணும்" என்று உளறிவிட்டான்.

பூசாரி திரும்பிப் பார்த்தார். ஆறுச்சாமி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "பாவம் பண்ணிப்போட்டேனுங்க. கொழாயடியில ஒரு பொட்டலத்தைப் பிரிச்சேன். வெள்ளை இருந்துச்சு. எடுத்துப்போட்டு, அங்கிருந்த அரளியை வெச்சுக் கட்டிப்போட்டேன். அப்ப ரெண்டும் செவப்புத்தானுங்களே?"

மாசாணிக்கு விளங்கியது. அண்ணன் மட்டும் மாட்டிக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு நொடி அப்படித்தான் இருந்தாள்.

"நான் ரெண்டுலயுமே வெள்ளைதாண்ணா வெச்சேன்" என்றாள்.

ராமுலு இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கணக்குப் போட்டார். "அம்மணி ஒரு தப்புப் பண்ணுனீங்க. அண்ணன் ஒரு தப்புப் பண்ணுனாரு. ஆனா எங்கைக்கு வந்தப்ப ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. மொறையாத்தான் இருந்திருக்குது. நான் கண்ணை மூடித்தான் எடுத்தேன். செவப்பு வந்திருக்குது."

ஆறுச்சாமியின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அப்ப அம்மன் சொல்லிப்போட்டா" என்று எழுந்தான்.

பூசாரி செவ்வரளியை நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மாசாணியின் கை எழவில்லை. சிவப்பைக் கண்டதும் முதலில் தனக்கு என்ன தோன்றியது என்று நினைத்துப் பார்த்தாள். பயம்கூட அடுத்துத்தான் வந்தது. அதற்கு முன்னால், 'ஐயோ, அவர் இல்லையா' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்று மாதமாக வரலட்சுமியம்மாவிடம் மறைத்தாள், அண்ணனிடம் பாதி மறைத்தாள், தன்னிடமே மறைத்தாள். இன்றைக்குச் சாமியிடமும் மறைத்துப் பார்த்தாயிற்று. இப்படி மூடி மூடி வைத்ததற்குத்தான் அமைதி என்று பேர் வைத்திருந்தாள். அவமானமாக இருந்தது.

பூசாரியைத் தாண்டி அம்மனைப் பார்த்துப் பேசினாள்.

"ஆத்தா, நீ வேண்டாம்னுட்ட. கேட்டுக்கிட்டேன். ஆனா எனக்கு அவரைக் கட்டிக்கோணும். ஆசைப்பட்டதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. மறைச்சது தப்பு, அதுக்கு மன்னிச்சுக்க. கோவம்னா எங்கிட்டக் காட்டு, அவருகிட்டக் காட்டாத."

"வாக்கை மீறுனா என்னாகும்னு தெரியுமா கண்ணு?" ஆறுச்சாமி கேட்டான்.

"தெரியாதுங்ணா. பயமாத்தான் இருக்குது."

ஆனால் மூன்று மாதமாக உள்ளே ஓயாமல் நடந்துகொண்டிருந்த வாக்குவாதம் நின்றிருந்தது. பயமும் ஆசையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, எதையும் விரட்டத் தோன்றவில்லை. குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"மதிவதனிக்கு எடம் தவறிப்போச்சுன்னா என்னைத் திட்டுங்கண்ணா, வாங்கிக்கறேன். இப்பக் கெளம்பறேன். மொதல்ல வரலட்சுமியம்மாகிட்டப் போகோணும். தியானத்துக்கு வருவேன், மடத்துக்கு வரமாட்டேன்னு நேர்ல சொல்லிப்போடோணும். மூணு மணிக்கு அவருக்கு ஷிப்ட் முடியுது."