வன்னி உறுப்பினரின் கடதாசிகள் கொடியேறிய கதை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கொன்ஸ்ரன்ஸ் அக்கா. அவர் தும்மினால் நான் "யேசுவே" என்பேன். அவ்வளவு கிட்ட.

அக்கா முன்பு வெள்ளவத்தையில் ஒரு பெரிய வீட்டில் சமைத்தவர். அந்த வீட்டு அம்மாவின் தகப்பன் சவுந்தரநாயகம், வெள்ளைக்காரன் காலத்தில் வன்னிப் பக்கத்துக்குச் சட்டசபை உறுப்பினராக இருந்தவர். காடு வெட்டி, குளம் கட்டி, சனத்தைக் குடியேற்றிய காலம் அது. மனிதர் ஒன்றையும் எறியவில்லை. மேடைப் பேச்சு, குளத்துக்குக் கீறிய படம், யானை பயிரைத் தின்ற முறைப்பாடு, தன்னைத் திட்டி வந்த கடிதம்கூடப் பத்திரமாக வைத்திருந்தார்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அம்மா கனடாவுக்குப் போகும்போது அந்த இரும்புப் பெட்டிகளை அக்காவிடம் கொடுத்து, "அப்பாவின்ர பேர் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு நல்ல இடத்தில சேர்த்துவிடு, கொன்ஸ்ரன்ஸ்" என்றார். அக்கா மாதா படத்துக்கு முன் நின்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாதாவிடம் கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் அவர் இல்லை.

பெட்டிகள் வந்ததும் இருந்த ஒரே அறையில் பாதி போய்விட்டது. அக்காவின் புருஷன் கிளெமென்ற், துறைமுகத்தில் வேலை, முதலில் பகிடிதான் விட்டார். தொண்ணூறுகளில் யுத்தம் முற்றி, வீடு வீடாகச் சோதனை வந்தபோது அந்தப் பகிடியும் நின்றது. பெட்டி நிறைய, யுத்தம் நடக்கிற வன்னியின் வரைபடங்கள் அல்லவா?

"ஆமிக்காரன் கேட்டா, இது யானை போற பாதை எண்டு சொல்லுவியா? பழைய பேப்பர்காரனுக்குக் குடுப்பம்."

"அதுக்கு முதல் என்னைக் குடுங்கோ."

"உன்னை அவன் எடுக்கமாட்டான். பாரம் கூட."

அக்கா அலைந்து திரிந்து, பழைய பத்திரங்களைக் காக்கும் ஒரு சுவடிக்கூடத்தைப் பிடித்தார். அங்கிருந்து நாகேந்திரம் ஐயா வந்து பார்க்கச் சம்மதித்தார். "ஈரமோ பூஞ்சணமோ இருந்தா எடுக்கேலாது, மற்றதுகளுக்கும் தொத்தும்" என்று சொல்லியிருந்தார். கிளெமென்ற், "அவர் எடுக்காட்டி அடுத்த நாள் பேப்பர்காரன்தான்" என்றார்.

ஐயா வருவதாகச் சொன்னது அந்தோனியார் திருநாள் அன்று. முதல் நாள் பெய்த மழையில் கூரை ஒழுகி ஒரு பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. அக்கா அழவும் நேரமில்லாமல் என்னிடம் ஓடிவந்தார். கடவுள் புண்ணியத்தில் காலையில் நல்ல வெயில். ஆனால் அந்தோனியார் சுருபம் ஊர்வலமாக வரும் நாளில் ஒழுங்கையில் உடுப்புக் காயப்போடுவது வழக்கமில்லை, எல்லோரும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். திருநாள் கொடிகளை வருடா வருடம் வெட்டிக் கோர்ப்பது அக்காதான், அதனால் கொடி நூல் அவர் வீட்டில் இருந்தது. அதையே சுவரோரம் தாழக் கட்டி, நனைந்த தாள்களை, அதாவது உறுப்பினரை, வரிசையாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். பிறகு இரண்டு பேரும் பூசைக்குப் போனோம். "அந்தோனியாரே, வெயில் காணும், காத்து வேண்டாம்" என்று அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

திரும்பி வந்தால் சுவரோரத்தில் ஒன்றும் இல்லை. அண்ணாந்து பார்த்தோம். இந்த முனை விளக்குக் கம்பத்திலிருந்து அந்த முனைக் கம்பம் வரை சவுந்தரநாயகம் பறந்துகொண்டிருந்தார்! சில தாள் மஞ்சள், சில தாள் வெள்ளை. பாப்பரசரின் கொடி நிறம் அச்சொட்டாக.

கொடி கட்டும் குழுத் தலைவன் சிறில் இடுப்பில் கை வைத்து நின்றான். "அக்கா, இந்த முறை வடிவா வெட்டியிருக்கிறீங்கள். ஏத்திப்போட்டம்!"

"இறக்கடா!"

"எப்பிடி இறக்கிறது? ஏணி அடுத்த ஒழுங்கைக்குப் போட்டுது. சுருபம் முடக்குக்கு வந்திட்டுது!"

பாண்ட் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து மறு முனையால் நாகேந்திரம் ஐயா வந்தார். அண்ணாந்து வாசித்தபடியே நடந்து கடலை வண்டியில் மோதி, அதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு, மேலும் வாசித்தபடி நடந்தார். அக்கா என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டார்.

சுருபம் தூக்கியவர்கள் திட்டுக் கடிதத்துக்குக் கீழே வந்து நின்றார்கள். முன்னால் நின்றவர் சும்மா இருக்காமல் உரக்க வாசித்தார்: "'நீர் வெட்டித் தந்த குளத்தில் தவளைக்கும் முழங்கால் நனையாது.'" நான்கு தோளும் குலுங்கின. தோளோடு அந்தோனியாரும் குலுங்கினார். பாதர் முறைத்துவிட்டு, தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார்.

"பாதர், தண்ணி வேண்டாம்!" என்று கத்தினார் நாகேந்திரம் ஐயா.

தீர்த்தம் வேண்டாம் என்ற மனிதரை எங்கள் ஒழுங்கை அன்றுதான் கண்டது. பாதர் அவரைப் பரிதாபமாகப் பார்த்து, அவருக்கென்றே நாலு தரம் நன்றாகத் தெளித்தார். கண்ணாடி நனைந்தது. கடதாசிகள் தப்பின.

சுருபம் போன பிறகு நூலை இறக்கினோம். ஒழுங்கையே கையை நீட்டிக்கொண்டு வந்தது. நாகேந்திரம் ஐயா சேட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு தாளாக மோந்து பார்த்தார். அப்பளம்போல மொறுமொறுவென்று இருந்தன. மற்றப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார்.

"காய்ஞ்சிருக்கு. எடுக்கிறன்."

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் ஒழுங்கை முடிவில் சோதனைச்சாவடி இருந்தது. பெட்டிகளை ஏற்றிய முச்சக்கர வண்டிக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் நடந்தோம். சிப்பாய் பெட்டியைத் திறந்தான். மேலே கிடந்தது வன்னி வரைபடம். கிளெமென்ற் கண்ணை மூடிக்கொண்டார்.

சிப்பாய் படத்தைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். "மே உதே கொடி நேத, அக்கே?" காலையில் தொங்கின கொடிகள்தானே என்று சிங்களத்தில் கேட்கிறான்! சாவடியில் நின்றபடி எல்லாம் பார்த்திருக்கிறான்.

"ஒவ், மல்லி, ஒவ்!" ஓம் தம்பி என்று அக்காவும் சிங்களத்திலேயே சொன்னார்.

அவன் மூடியைப் பக்குவமாகச் சாத்தி, அதைத் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டான். அவனும் வேதக்காரன். வண்டி போய்விட்டது.

"உயிரோட இருக்கேக்க கிழவனைத் தவளையெல்லாம் திட்டிச்சு. இப்ப ஆமிக்காரன் தொட்டுக் கும்பிடுறான்!" என்றார் கிளெமென்ற்.

அக்கா மாதாவுக்கு நன்றி சொல்லச் சிலுவை போடக் கையைத் தூக்கினார். சிரிப்பில் கை நெற்றிக்குப் போகாமல் மூக்கில் பட்டது.