கன்ரீனுக்குக் கொண்டுபோன புட்டு

என்னைப் போல வாய் அடங்காத அம்மாமார் இதை வாசிக்க வேண்டும்.

நாங்கள் ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் இருக்கிறோம். மகள் கவினா உயர்நிலைப் பள்ளியில் கடைசி வருசம். கணக்கில் கெட்டிக்காரி என்பதால், பள்ளியின் அனுமதியோடு வாரத்தில் ஒருநாள் பல்கலைக்கழகத்திலும் கணிதம் படித்தாள். அங்கே வயதில் மூத்த மாணவர்கள் சிலர் அவளைத் தங்கள் குழுவில் சேர்த்திருந்தார்கள். அவள் பள்ளிப் பிள்ளை என்பது அவர்களுக்குத் தெரியாதாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பல்கலைக்கழகத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போனாள். வெளியே கொட்டும் பனி. பிள்ளை பசியோடு இருக்குமே என்று புட்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிப் போய், அங்கே சாப்பிடும் இடமான கன்ரீனில், அந்தக் குழுவோடு இருந்தவளைக் கண்டுபிடித்தேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். "இவள் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் நோர்வே மொழியில் சொல்லியும் விட்டேன். அவர்கள் அன்பாகச் சிரித்தார்கள். மகள் தலை நிமிரவில்லை.

கொஞ்ச நாளில் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஏனென்று கேட்டேன்.

"முந்தி விளங்காத கணக்கை என்னட்டைத்தான் கேட்டவை. இப்ப எனக்குச் சூடா சாக்லேட் வாங்கித் தருகினம், அம்மா."

தனியே படித்துத்தான் அந்தப் பாடத்தில் தேறினாள்.

இந்தப் படிப்புத் தவணையில் வேறு பாடம், வேறு குழு. போன கிழமை பெட்டி மறுபடியும் மேசையில் கிடந்தது. குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக் கதவுவரை போன நான், திரும்பி வந்து கழற்றினேன். "சாப்பாட்டை விட்டிட்டுப் போட்டாய்" என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

"ஓம். வராததுக்கு நன்றி, அம்மா" என்று பதில் வந்தது.