ஊசி வைத்தியரின் கோணிய முகம்

வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. ஊசி வைத்தியர் கண்ணாடியைப் பார்த்தார். பாதி முகம் செத்துக் கிடந்தது. இடது கண் மூட மறுத்தது. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

மனைவி அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். "பக்கவாதம் இல்ல, முக நரம்புல வீக்கம். மாத்திரைல பெரும்பாலும் சரியாகிடும்" என்றார் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஊரார் முகத்தையெல்லாம் நிமிர்த்தியவருக்குத் தன் முகமே கோணியதை நம்ப முடியவில்லை.

அக்குபங்சர் ஊசியில் அவர் சீன முறைக்காரர். உடம்பில் ஓடும் சக்தி அடைபட்டால்தான் வலி, ஊசியை ஆழமாக இறக்கித் திருகி அந்த அடைப்பை உடைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதே வீட்டு முன்னறையில் வைத்தியம் பார்க்கும் மச்சினிச்சி படித்தது ஜப்பானிய முறை. நிதானமாக நாடி பார்த்து, முடி போன்ற ஊசியைத் தோலில் பட்டும் படாமலும் வைப்பாள். உடம்புக்கே வழி தெரியும், லேசாக ஞாபகப்படுத்தினால் போதும் என்பாள்.

"நீ வைத்தியம் பண்றியா, கிச்சுகிச்சு மூட்டுறியா?" என்று சிரிப்பார் அவர்.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன் உட்கார்ந்து தானே ஊசி போடப் பார்த்தார். ஊசி இடம் தவறித் தவறிப் போனது. தன் கையா இது என்று திகைத்துப்போய் மச்சினிச்சியைக் கூப்பிட்டார். அவள் நாடி பிடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"எப்பத்தான் குத்தப்போற?"

"வெச்சு, எடுத்தும் ஆச்சு அத்தான்."

அவர் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

சில வாரங்களில் முகம் பழையபடி நேரானது. மாத்திரையா, ஊசியா, தானாகவேயா, யாருக்கும் தெரியாது. ஆனால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி அப்புறம்தான் வந்தது. மச்சினிச்சி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ரொம்ப நாளா குனிய முடியல அத்தான். என் ஊசிக்கு இது மசியல. நீங்க போடுங்க, ஆழமாவே போடுங்க."

"நீயா கேக்குற?"

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நீள ஊசியை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வெறும் துடிப்புதான் தெரிந்தது. இத்தனை வருஷம் எதைத்தான் பார்த்தோம் என்று பகீரென்றது.

"இதுல என்ன பார்க்கணும்னு சொல்லு" என்றார்.

பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டுக்கொண்டுதான் நீள ஊசியை இறக்கினார். அவள் வீறிட்டதில் அக்காளே ஓடிவந்துவிட்டாள். மறுநாள் மச்சினிச்சி குனிந்து செருப்பு மாட்டுவதை மூவருமே அதிசயமாகப் பார்த்தார்கள், குனிந்தவள் உட்பட.