அப்பாவும் இரண்டு இரும்பும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். அப்பா நல்லவர்கள்தான். ஆனாலும் அவர்கள்மேல் எனக்குள்ள ஒரு வருத்தம் இன்னும் தீரவில்லை.

சிவகிரியில் பிறந்த அப்பா, பள்ளிக்கூடம் போகாமலே தென்காசிக்கு வந்து மூட்டை சுமந்தார்கள். பிறகு சொந்தமாக நாட்டு மருந்துக்கடை வைத்தார்கள். துத்தம், படிகாரம், நவச்சாரம் எல்லாம் பார்த்ததுமே தெரியும். சாரல் காலத்தில் உப்புகள் கசியாதபடி டின்களின் வாயை மெழுகால் அடைப்பது அவர்கள் வேலை. டின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது, அன்னபேதி என்கிற பச்சை இரும்பு உப்பு கேட்டு மதராஸ் கம்பெனிக்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னார்கள். காலி டின்னில் FeSO₄ என்று மட்டும் இருந்தது.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு, ஏட்டி?"

"ஃபெரிக் சல்பேட்" என்றேன், யோசிக்காமல்.

வந்து இறங்கியது மஞ்சள் பாய்ந்த பொடி. பச்சை அன்னபேதி கேட்டு வந்த சாயக்காரர்கள் திரும்பிப் போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்: "அண்ணாச்சி, மக படிச்ச படிப்பு மஞ்சளால்லா வந்திருக்கு."

சல்பேட்டின் இணைதிறன் இரண்டு. அதனோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்த இரும்புக்கும் இரண்டுதான், அது ஃபெரஸ். மூன்றாக இருந்தால்தான் ஃபெரிக். மறுநாளே அப்பாவிடம் விளக்கினேன்.

"இரும்புல ரெண்டா?" என்று கேட்டுவிட்டு மெழுகு உருக்கப் போய்விட்டார்கள்.

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். அதன்பின் ஒரு கடிதமும் என்னிடம் வரவில்லை, கணக்குப்பிள்ளைதான் எழுதினார். நான் இரசாயனத்தில் பட்டம் பெற்று, பெண்கள் பள்ளியில் அதையே நடத்தினேன். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்டார்கள். அப்பா மட்டும் கேட்கவில்லை.

கடைசி மாதங்களில் இரத்தம் குறைந்து படுத்தார்கள். குற்றாலத்து டாக்டர் கொடுத்த மாத்திரைப் புட்டியை ஒருநாள் என்னிடம் நீட்டினார்கள்.

"இது எந்த இரும்பு?"

"ஃபெரஸ் சல்பேட்ப்பா. நம்ம அன்னபேதிதான்."

"நல்லா பாத்துச் சொல்லு. ரெண்டு உண்டுல்லா."

எட்டு வருடமாக அந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருந்தும் புட்டியை வெளிச்சத்தில் திருப்பி, எழுத்தெழுத்தாக மறுபடி படித்தேன். "அதேதான்" என்று நான் சொன்ன பிறகே விழுங்கினார்கள்.

டாக்டருக்கும், சிவகிரி உறவினர்களுக்கும், இறுதி நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்ற பக்கத்துக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைக்கு அன்னபேதி கேட்டு இப்போது நான்தான் கடிதம் எழுதுகிறேன். பச்சையாகத்தான் வந்து இறங்குகிறது. பார்க்கத்தான் அப்பா இல்லை.