ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு குட்டிகள்

அந்துருண்டை வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு முதலில் ஒரு கரடிதான் ஞாபகத்துக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில், சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு படப் புத்தகம் இருந்தது. பழைய பேப்பர் கடை பாய் அப்பாவுக்குச் சும்மா கொடுத்தது. அது எந்த நாட்டு எழுத்து என்று பாய்க்கும் தெரியாது, பட்டுக் கடையில் புடவை விரித்துப் போட்டே பல ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்ட அப்பாவுக்கும் தெரியாது. ஒரு தாய்க் கரடி, இரண்டு குட்டிகள். ஆறு, மழை, தேன்கூடு, கடைசியில் மூன்றும் ஒட்டிப் படுத்துத் தூங்கும் படம்.

எனக்கோ தம்பி பாபுவுக்கோ நாள் சரியில்லாமல் போனால்தான் அம்மா அதை வெளியே எடுப்பாள். எழுத்து புரியாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்கு எங்களுக்கு நடந்ததெல்லாம் கரடிகளுக்கு நடக்கும். பெரிய குட்டியை டீச்சர் வெயிலில் நிற்க வைப்பார். சின்னக் குட்டி கருட சேவைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டே வரும். கரடிக்கு எதற்குச் செருப்பு என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றியதில்லை. அவமானமான இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லி நான் கெஞ்சினால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். "நடந்தத நடந்தாப்பல சொல்லிடணும்மா, மறைச்சா உள்ளயே குத்திக்கினு இருக்கும்" என்பாள். கடைசிப் படத்துக்கு வருவதற்குள் அழுகை எப்படியோ நின்றிருக்கும்.

பாபு ஒன்றாம் வகுப்பு படித்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை என்று மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், உயிரோடு கொண்டுவரவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதா என்றுதான் நான் கேட்டேனாம்.

அதற்குப் பிறகு அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். சோறு ஆக்குவாள், எனக்குத் தலை வாரிவிடுவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். "அழுதாவது தீக்கட்டும்பா, இப்பிடியே ஒக்காந்துக்கினு இருந்தா இதுவும் போய்ச் சேந்துடும்" என்று பக்கத்து வீட்டு அத்தை அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்துவந்து அம்மாவின் மடியில் விரித்தேன். எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இரண்டு குட்டிகள்.

"நானே சொல்றம்மா" என்று ஆரம்பித்தேன். "சின்னக் குட்டிக்கு ஜொரம் வந்துதாம்..."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"அப்பிடி வேணாம்மா. அவன் இன்னைக்கி இஸ்கூலுக்குப் போனான்னு சொல்லு."

நடந்ததை மறைக்கவே கூடாது என்ற அம்மாதான் அப்படிச் சொன்னாள். நானும் சொன்னேன்: சின்னக் குட்டி பள்ளிக்கூடம் போனது, சிலேட்டை உடைத்தது, டீச்சரிடம் அடி வாங்கியது, வீட்டுக்கு வந்து தயிர்சாதம் கேட்டது. அம்மா அன்றுதான் வாய்விட்டு அழுதாள்.

பிறகு மனசு தாங்காத நாட்களில் அவளே புத்தகத்தை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்காருவாள். பொய் என்று இருவருக்கும் தெரியும். நான் ஒரு வகுப்பு ஏறினால் அவனையும் ஒரு வகுப்பு ஏற்றிவிடுவேன். கணக்கில் மட்டும், அக்காவைப் போலவே, அவனும் தேறவில்லை.

இப்போது கடைகளில் கோபத்துக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று குழந்தைகளுக்குப் படப் புத்தகம் விற்கிறார்கள். என் மகளுக்கு நானும் வாங்கித் தருகிறேன், அவளும் கேட்டுவிட்டுச் சமாதானமாகத் தூங்கிப்போகிறாள். எங்கள் கரடிப் புத்தகம் வீடு மாறியபோது காணாமல் போனது. அம்மா மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டித் தேடினாள். படம் இல்லாமல் எனக்குச் சொல்ல வரவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்போது பாபு ஏழாம் வகுப்பில் இருந்தான். அதற்கு மேல் அவனைப் படிக்கவைக்க எங்களால் முடியவில்லை.