பெரிசாக்கியும் உடையாத படம்

செத்துப்போன ஃபிளாஷ் ஒன்று என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. எரியாது. பேட்டரி போடும் இடத்தில் துருவேறி, மூடி உடைந்து, கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. நன்னிலத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் இதைச் சின்னக் கேமராவின் தலையில் மாட்டித்தான் கல்யாணங்களுக்கு எடுத்துப்போவேன். வெளிச்சத்துக்காக அல்ல, கேமரா பெரிதாகத் தெரிவதற்காக. முதலாளியின் ஏற்பாடு அது. "கேமரா பெருசா இருந்தாத்தான் தம்பி கல்யாண வீட்டுல வழி விடுவான். இத மட்டும் கையில வச்சிருந்தா எவனோ மாப்பிள்ளையோட மச்சான்னு நெனச்சுத் தள்ளிவுட்டுருவான்" என்பார். எரியாத ஃபிளாஷைத் தலையில் சுமந்துகொண்டு நானும் அந்தக் கேமராவும் எத்தனையோ மேடைகளைச் சுற்றி வந்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேரையும் அவர் ஒரே மாதிரிதான் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அது மிரர்லெஸ் கேமரா. பெரிய கேமராவுக்குள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடி எழுந்து விழும். அந்தச் சத்தத்தைத்தான் ஜனங்கள் படம் எடுக்கும் சத்தம் என்று நினைத்திருக்கிறார்கள். இதில் கண்ணாடி இல்லை, அதனால் பருத்த உடம்பும் இல்லை, வேண்டாமென்றால் சத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கையில் எது கிடைத்தாலும் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவேன். கேமராவுடன் வந்த கையேட்டையும் அப்படித்தான் படித்தேன். முதலாளி அதைப் பிரித்ததே இல்லை. படம் எப்படி வரப்போகிறதோ அப்படியே எடுப்பதற்கு முன்னாலேயே திரையில் தெரியும். திரையை மேல்பக்கமாக மடக்கி இடுப்பருகே வைத்தும் எடுக்கலாம். எதிரே ஒரு முகம் வந்தால் பச்சைக் கட்டம் ஒன்று தானாகவே போய்க் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் வலிக்காது.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரி சோளப்பொரி மாதிரி, இருப்பது போலவே இருக்கும், திடீரென்று தீர்ந்துவிடும். தாலி கட்டும் நேரத்துக்கு முன்னால் மாற்றிவிடாவிட்டால் மானம் போகும். வியர்த்த கையில் வழுக்கும். சித்திரை வெயிலில் வீடியோ ஓடவிட்டால் சூடேறித் தானாக அணைந்துகொள்ளும். அறுவடைக் காலத்தில் லென்ஸ் மாற்றினால் நெல் தூசி நேராக உள்ளே போய் உட்காரும், மறைக்க ஒரு கண்ணாடிகூட இல்லையே. சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் சீரியல் விளக்கின் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழும், பகல் வெளிச்சம் வேண்டும். இதெல்லாம் உண்மையான குறைகள். ஆனால் முதலாளி சொன்ன குறை வேறு. "இந்த டப்பாவுல எடுத்தா பெருசாக்குறப்ப உடைஞ்சிரும்" என்பார். பெரிதாக அச்சடிக்கும்போது முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்துபோவதை எங்கள் தொழிலில் உடைவது என்போம். அந்தக் கேமராவுக்கு அது பொருந்தாது என்று படித்துக் காட்டினேன். "படிச்ச புள்ள, பேப்பர நம்புற" என்று சிரித்தார். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருக்காது. கல்லூரி முடித்து வேலையில்லாமல் திரிந்தவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர். கூட்டத்தில் என் மேல் எவனாவது கை வைத்தால் முன்னால் வந்து நிற்பார். ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எங்கள் தெரு மாதிரித் தெருக்களில் கல்யாணம் என்றால் மட்டும் அவருக்கு வயிறு சரியிருக்காது. வண்டியிலேயே தண்ணீர் பாட்டில் இருக்கும். "வயிறு ஒரு மாதிரியா இருக்குங்க, ஒண்ணும் வேணாம்" என்று கும்பிடு போடுவார். ரொம்ப நாள் அதை நான் நம்பினேன். இஞ்சிச் சாறுகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதே வயிறு மெயின் ரோட்டு மண்டபங்களில் அப்பளத்தை நொறுக்கி, பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கும்.

என் அக்கா கல்யாணம் எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. "நானே வந்து எடுத்துத் தரேன், உங்கக்கா எனக்குப் பொண்ணு மாதிரி" என்று அவராகவே சொன்னார். சொன்னபடி விடியும்போதே பெரிய கேமராவுடன் வந்து இறங்கினார். கூச்சப்பட்டு ஓரமாக நின்ற என் அப்பாவைக் கையைப் பிடித்து மேடையின் நடுவில் கொண்டுவந்து, "பொண்ணப் பெத்தவரு நீங்க, நிமிந்து நில்லுங்க" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகனுக்கு வேலை கொடுத்த மனுஷன் வாசலுக்கு வந்திருக்கிறார். பெரிய அண்டாவில் கொதித்த காப்பியை அவருக்குக் கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தனியாக டிகாக்‌ஷன் இறக்கி, புதுப் பாலைக் காய்ச்சி, சீர்வரிசைக்கு வாங்கி வைத்திருந்த புது சில்வர் டம்ளர்களில் ஒன்றைப் பிரித்துக் கழுவி, அதில் ஊற்றிக்கொண்டு போனாள். மேடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு, "போன் வருதும்மா, பேசிக்கிட்டே குடிக்கிறேன்" என்று கொல்லைப்பக்கம் போனார்.

கொல்லையில் நான் இருந்தேன். காய் நறுக்கும் பெண்கள் சத்தம் கேட்டால் விறைத்துக்கொள்வார்கள் என்பதால் சத்தத்தை அணைத்து, திரையை மடக்கி, கேமராவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். வாழைமரத்துக்குப் பக்கத்தில் அவர் வந்தார். கையில் போன் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். என்னையும் பார்த்தார், கேமரா கண்ணில் இல்லாததால் படம் எடுக்காமல் சும்மா நிற்கிறேன் என்று நினைத்திருப்பார், நான் பார்ப்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. பேண்ட்டில் தெறிக்காமலிருக்கத் தள்ளி நின்று, டம்ளரை நெஞ்சுயரத்துக்கு நீட்டிச் சாய்த்தார். பச்சைக் கட்டம் தானாகப் போய் அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டது. நான் செய்ததெல்லாம் விரலை அழுத்தியது மட்டுமே. காலை வெயில் எதிரில் இருந்ததால் விழுகிற காப்பி தண்ணீர்போல மின்னியது. அவர் முகம் நிதானமாக, அழகாக இருந்தது. நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான், அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். பிறகு அவர் பந்தலுக்குப் போய்க் காலி டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்து, "காப்பி பிரமாதம்மா" என்றார்.

ஊற்றியதைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்தப் "பிரமாதம்" என்ற சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மா அதைத் தெருவெல்லாம் சொன்னாள். அக்காவின் ஊருக்குப் போனால் சம்பந்தி வீட்டில் சொல்வாள். யார் வந்து காப்பி குடித்தாலும் "அவன் மொதலாளியே பிரமாதம்னாரு" என்று தொடங்குவாள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வேலையை விட்டு நானே கடை போடப் போகிறேன் என்று சொன்னபோது, அந்தச் சின்னக் கேமராவையும் ஃபிளாஷையும் என் பக்கம் தள்ளி, "இந்த டப்பா உனக்குத்தான் சரி, வச்சுக்க" என்றார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் தந்த கேமராவில்தான் அவருடைய அந்தப் படமும் இருந்தது.

சென்ற ஐப்பசியில் அவர் இறந்துபோனார். அவருடைய மகள் போன் செய்தது. படத்திறப்புக்குப் படம் வேண்டுமாம். ஊருக்கெல்லாம் படம் எடுத்தவருக்கு ஒழுங்காக ஒரு படம் இல்லை, எல்லாக் கல்யாணத்திலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். "உங்ககிட்ட ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். துக்கத்துக்கு வரவேண்டும் என்று அம்மா துடித்துக்கொண்டிருந்தாள். முழுப் படத்தையும் மாட்டினால் அவள் பார்த்துவிடுவாள். தன் டம்ளரை, தன் கொல்லையை, தன் காப்பியை அடையாளம் கண்டுகொள்வாள். அது தெரிந்தும் அனுப்பினேன். கோபம் அப்படி. ஒரு ஓரத்தைக்கூட வெட்டாமல் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அண்ணே, எவ்ளோ நல்லா இருக்கு. வாழைக்குத் தண்ணி ஊத்துறாரு பாருங்க. அப்பாவுக்கு மரஞ்செடின்னா உசுரு."

"அது தண்ணி இல்லம்மா. எங்கம்மா போட்டுக் குடுத்த காப்பி."

"குடிக்கலையா?" என்றது.

"எங்க தெருவுல அவர் எதுவும் குடிக்க மாட்டாரும்மா."

குரல் இறங்கி, முகத்தை மட்டும் வெட்டித் தர முடியுமா என்று கேட்டது. என் கையால் வெட்ட மாட்டேன் என்றேன். போன் அணைந்தது. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் படத்திறப்பு நாள்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. யாரைத் தண்டிக்கப் போய் யாரைத் தண்டித்திருக்கிறேன் என்று என்மேலேயே எரிச்சல் பொங்கியது.

அம்மா அக்கா கல்யாணத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தெருமுனையிலேயே ஆளுயரத்துக்கு மேலே ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். முகமும் தோளும் மட்டும். நிதானமான, அழகான முகம். யாரோ வெட்டியிருந்தார்கள், அவசரத்தில் வெட்டியிருக்க வேண்டும். கீழ் ஓரத்தில், பெயர் அச்சடித்த இடத்துக்குச் சற்று மேலே, டம்ளரின் விளிம்பு பிறைபோலப் பளபளத்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. விளிம்பு கத்திபோல இருந்தது. எங்கேயும் உடையவில்லை. அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்கு அவருடைய சாவு தேவைப்பட்டது.

"பின்னாடி நம்ம வாழைதானேடா?" என்றாள் அம்மா. "என் காப்பியக் குடிச்சிட்டு நிக்கிறப்ப எடுத்ததா?"

"ஆமாம்மா."

பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தது அந்த மகள். காதில் விழாமல் இருந்திருக்காது. தலை நிமிராமல் அம்மாவுக்கு ஒரு காப்பி, எனக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தது. அம்மா உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். நான் ஃபிளக்ஸுக்கு நேரே போய் நின்று, அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே, நாக்கு சுட்டாலும் விடாமல், அடிமண்டி வரைக்கும் குடித்தேன். துக்கத்தில் அல்ல. பார்க்கட்டும் என்று.

அந்தக் கேமராவைத்தான் இன்னமும் வைத்திருக்கிறேன். ஃபிளாஷை இழுப்பறையில் போட்டதிலிருந்து மொட்டையாகவே எடுத்துப்போகிறேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மைதான், யாரும் வழி விடுவதில்லை. "தள்ளுங்க" என்று நானே குரல் கொடுக்கிறேன். திரும்பிப் பார்க்கிறார்கள், முறைக்கிறார்கள், தள்ளுகிறார்கள். கேமராதான் சத்தம் போடாது.