குறை தேடிய கோடை விடுமுறை

மஞ்சூருக்குச் சற்றுக் கீழே, ஒரு தேயிலை ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு இருந்தது. அப்பா அந்த ஃபேக்டரி ஆபீசில் கிளார்க். பிறந்ததிலிருந்து மெஷின் சத்தத்தில்தான் நான் தூங்கினேன், படித்தேன், அம்மாவோடு சண்டை போட்டேன். பத்தொன்பதாவது வயதில் கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினேன். அந்தச் சத்தம் இல்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். யாரோ செத்துப்போன வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டது போலிருந்தது.

பசுந்தேயிலை விலை விழுந்து இரண்டு மூன்று வருஷமாகியிருந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, தோட்டம் காடாகிக்கொண்டிருந்தது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மற்ற நாட்களில் அப்பா வீட்டில் இருந்தார். என் தலைமுடி எவ்வளவு நீளம் என்பதே அவருக்கு அந்த வருஷம்தான் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நாற்காலி போட்டு, ஒரே பேப்பரைக் காலையிலிருந்து மதியம் வரை பிடித்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பு வழியாக என்னைப் பார்ப்பார். அவர் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவேன். இயல்பிலேயே நான் பயந்தவள். போன் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைப்பவள்.

வந்த மூன்றாம் நாள் குன்னூரிலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. கைப்பையில் என் ஜாதகம் இருந்தது. அது எப்போது அவர் கைக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. அங்கே இருந்த டீ மேக்கர், அதாவது ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டவர், வேறு வேலை தேடிக் கேரளாவுக்குப் போய்விட்டிருந்தார். அதில் பத்து நாள் தங்குவதற்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, வெயில் தாங்கவில்லையாம் என்றார் அத்தை.

"யாருங்கத்தை அவங்க?"

"துணிக்கடை வெச்சிருக்கறவிய. அவிய ஊட்டுக்காரருக்குக் கடையை உட்டுட்டு வர முடியாது. அம்மாவும் பையனும்தான் வர்றாங்க. பையன் இன்ஜினியரிங் முடிச்சிருக்கான். சும்மா காத்து வாங்கறதுக்குத்தான் அம்மணி."

ஊட்டியில் அத்தனை லாட்ஜ் இருக்க, காற்று வாங்க எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கா வருவார்கள்? இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. என் வகுப்பில் ஒருத்தி தீபாவளிக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அவள் கட்டில் மேல் எங்கள் துணியைக் காயப்போட்டோம். அந்தக் கட்டில்தான் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

அவர்கள் வந்தார்கள். அந்த அம்மா வெளுத்த, கனத்த உடம்புக்காரர். முதல் நாளே ஊசியும் நூலும் கொண்டுவந்து, "எனக்குக் கண்ணு தெரியல சாமி, கொஞ்சம் கோத்துக் குடு" என்றார். அது என் கண்ணுக்கு வைத்த பரீட்சை என்று கோத்துக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் பேப்பரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். அதற்கு மறுநாள் மேட்டில் ஏறிப் பூப் பறித்துவரச் சொல்லி, கீழே நின்று என் நடையைப் பார்த்தார். எங்கள் வீடும் லேசுப்பட்டதில்லை. அம்மா அந்தப் பையனை உட்காரவைத்துப் பணியாரமாகப் போட்டு, எத்தனை தின்கிறான் என்று பார்த்தார். அப்பா ஃபியூஸ் போகாத மெயின் பெட்டியைத் திறந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவன் பார்த்தான். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவன் என் பக்கம் திரும்பினால் நான் தரையைப் பார்ப்பேன்.

அவர்கள் வந்த நாலாம் நாள் மத்தியானம் அம்மா தூக்குப்போசியை என் கையில் கொடுத்து, பால் சொசைட்டிக்குப் போய்வரச் சொன்னார். பாதி வழியில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவனும் ஒரு போசியோடு வந்துகொண்டிருந்தான். இதுவும் அவர்கள் ஏற்பாடுதான். பேசாமல் முன்னும் பின்னுமாக நடந்தோம். திடீரென்று பனிமூட்டமாக மஞ்சு இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

வளர்ந்து கிடந்த தேயிலைக்குள் யாரோ பெரிதாக மூச்சு விட்டார்கள். மனித மூச்சில்லை.

நான் நின்றேன். "நவுறாதீங்க" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். செடிகள் அசைந்தன. முதலில் கொம்பு தெரிந்தது, பிறகு கறுத்த முதுகு. ஒற்றைக் காட்டெருமை. கூட்டமாக வந்தால் அது பாட்டுக்குப் போய்விடும், ஒற்றையாக வந்தால்தான் ஆபத்து என்று எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முந்தின மாதம்தான் இலை பறிக்கப் போன ஒரு அம்மாவை இப்படி ஒன்று தூக்கி எறிந்திருந்தது. அது எங்களைப் பார்த்தபடியே நின்றது. அதன் மூக்கிலிருந்து புகை போல மூச்சு வந்தது. என் ஷால் பின்னால் இழுபட்டது. அவன் அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பிறகு அது தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, பாதையைக் கடந்து சரிவில் இறங்கிப் போனது.

சத்தம் அடங்கிய பிறகும் அவன் ஷாலை விடவில்லை.

"நான் பயந்ததை எங்கம்மாகிட்டச் சொல்லிராதீங்க" என்றான்.

"நானுந்தான் பயந்தேன்."

"உங்களைப் பார்த்தாலும் எனக்குப் பயமாத்தாங்க இருக்குது. வந்த நாள்லயிருந்து."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சொல்லித்தான் தெரிந்தது: அவனுக்கு பெங்களூரில் ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. ஒரே பையன் வெளியூர் போய்விடுவான் என்று பயந்துபோய், அவன் அம்மா கல்யாணத்தைப் பண்ணிக் கட்டிப்போடப் பார்த்தார். நான் என் படிப்பைச் சொன்னேன்.

"அப்பப் புடிக்கலைன்னு ரெண்டு பேருமே சொல்லிரலாங்க" என்றான்.

"காரணம் கேப்பாங்க."

"அதைக் கண்டுபுடிப்போம். இன்னும் நாள் இருக்குதுல்ல."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பாலுக்குப் போகிற வழியில் ஒருவரிடம் ஒருவர் குறை தேடினோம். நான் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி தும்முகிறேன் என்றான். அவன் டீயை ஆற்றி ஆற்றித் தண்ணீராக்கித்தான் குடிக்கிறான் என்றேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம். அவன் அட்டையைக் கண்டால் ஒற்றைக் காலில் குதிக்கிறான். ஒருவரைக் குறை சொல்ல வேண்டுமென்றால் அவரை விடாமல் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவன் பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறுவதையும், யார் எதைக் கொடுத்தாலும் முதலில் தன் அம்மாவுக்கு நீட்டுவதையும் கவனித்தேன். அதெல்லாம் குறைப் பட்டியலில் சேரவில்லை. ஏழாம் நாள், "இன்னிக்கு எதுவும் கெடைக்கலீங்க" என்றான். எனக்கும் கிடைத்திருக்கவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் பேசாமலே வீடு வந்தோம். எனக்கு அந்த மௌனம் காட்டெருமையைவிடப் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் அத்தை குன்னூரிலிருந்து மறுபடி வந்து, எங்கள் முன் அறையில் எல்லோரையும் உட்காரவைத்து, நேரடியாகவே கேட்டுவிட்டார். புடிக்கலை என்று சொல்ல நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்த நாளும் அதுதான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பந்தத்தை அவன் மாற்றவில்லையே, நான் எப்படி மாற்றுவது?

"எனக்குப் புடிக்கலீங்கத்தை" என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை.

"எனக்கும்தானுங்க" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

அதட்டுவார்கள், கெஞ்சுவார்கள், அம்மா அழுவார், நான் அதற்குள் அடங்கிப்போய்விடலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். வேண்டாத எல்லாவற்றிலும் தலையிட்ட இந்த மனிதர்கள் இதில் மட்டும் ஏன் தலையிடவில்லை? அத்தை ஜாதகத்தைப் பையில் வைத்து மூடினார். அப்பா "செரி" என்றார், அவ்வளவுதான். அந்த அம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"பரவால்ல சாமி. புடிக்காம ஒருத்தரைக் கட்டிக்கிட்டு நான் பட்டதே போதும். உனக்கு அது வேண்டாம்."

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கே கிளம்புவதாகச் சொன்னார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பால் வாங்க அப்பாவே போய்விட்டார். பக்கத்து வீட்டில் பெட்டி இழுபடும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. அவன் முகத்தைப் பார்க்க வழியே இல்லை. கேட்ட வரம் கிடைத்துவிட்டதே என்ற பயம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று எல்லோரும் தீர்மானித்திருந்தார்கள்.

காலையில் அப்பா கொல்லையில் வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன். அப்பாவிடம் அதுவரை நான் எதையும் கேட்டதில்லை. புத்தகம் வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான்.

"அப்பா, நேத்து நான் சொன்னது பொய்யுங்க."

அவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேக்டரியை மழைக்கு முன்னாடியே மூடப் போறாங்க கண்ணு. உங்கம்மாவுக்கு இன்னும் சொல்லல. அதுக்கு முன்னாடி உன்னை ஒரு நல்ல எடத்துல குடுத்துரோணும்னு அக்காகிட்ட நாந்தான் சொன்னேன். எனக்குப் பயமாயிருச்சு."

அப்பா பயப்படுவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தப் பையனுக்கு உன்னையப் புடிச்சிருக்குதா?" என்று கேட்டார்.

"தெரியலீங்கப்பா."

உண்மையாகவே தெரியாது. நாங்கள் குறைகளைத் தவிர வேறெதையும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்பா எழுந்தார். பழைய ஸ்வெட்டரும் மஃப்ளருமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற மேட்டில் ஏற ஆரம்பித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கெத்தை வழியாகக் கோயமுத்தூர் போகிற பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அப்பா கையைக் காட்டிக்கொண்டே படியில் ஏறிவிட்டார். நான் கம்பியைப் பிடித்துக் கீழ்ப்படியிலேயே நின்றேன். பஸ் நிறைய வேலைக்குப் போகிற பெண்கள், மூட்டைகள், ஒரு கூடைக் கோழி. நடு சீட்டில் அவனும் அவன் அம்மாவும்.

"ஏறுங்க, இல்லாட்டி எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

அப்பா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "தம்பி, என்ற பொண்ணு நேத்துச் சொன்னது பொய்யுங்களாம்" என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கோழிகூடச் சத்தத்தை நிறுத்தியது. அவன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். இல்லை என்று சொல்லப்போகிறான், இந்த ஊரில் இனி நான் எந்தப் பஸ்ஸிலும் ஏற முடியாது, எந்தக் கடைக்கும் போக முடியாது, அப்பாவும் தலைநிமிர முடியாது.

அவன் சட்டென்று எழுந்தான். மேலே சாமான் வைக்கிற கம்பியில் தலை நங்கென்று இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே, "நான் சொன்னதும் பொய்தானுங்க, மாமா" என்றான்.

அதுவரை அவன் அப்பாவை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த 'மாமா' என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் ஓவென்று சிரித்துவிட்டார்கள். ஒரு அம்மா, "பொண்ணை உள்ள வரச் சொல்லுங்க, நாங்களும் பாக்கறோம்" என்றார். கண்டக்டர், "ஏனுங்க, கல்யாணத்தை வண்டியிலயே பண்ணிருவீங்களாட்ட இருக்குது. டைம் ஆச்சுங்க" என்றார்.

அவன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னையப் பைத்தியக்காரியாக்கிட்டீங்களே ரெண்டு பேரும்" என்று சொல்லி, தன் கொண்டையிலிருந்து மல்லிகைச் சரத்தைப் பாதி பிய்த்தார். பஸ் நகர ஆரம்பித்திருந்தது. அப்பாவும் நானும் இறங்கினோம், நான் ஜன்னலோடு நடந்தேன். அவர் உடம்பைப் பாதி வெளியே நீட்டி, அந்தப் பூவை என் தலையில் எங்கேயோ செருகினார். எனக்குப் பூ வைத்த வைபவம் அவ்வளவுதான். ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அத்தை மூச்சிரைக்க மேடேறி வந்து சேர்ந்தபோது பஸ் வளைவு திரும்பிவிட்டது. தான் இல்லாமல் நடந்துபோன அந்தக் காரியத்துக்காக அவர் அப்பாவோடு ஆறு மாதம் பேசவில்லை.

மழைக்கு முன்பு ஃபேக்டரி மூடப்பட்டது. அப்பாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு மில் குடோனில் வேலை கிடைத்து, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு இறங்கினோம். என் படிப்பு முடிகிறவரை கல்யாணப் பேச்சே கூடாது என்று அப்பா சொன்னார், அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். அவன் பெங்களூர் போனான். படிப்பு முடிந்து கல்யாணம் ஆகிறவரை அந்த இரண்டு வருஷமும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அவன் மனம் மாறிவிடும், பஸ் கவிழ்ந்துவிடும், கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்துவிடும் என்று. எதுவும் நடக்கவில்லை. பெங்களூருக்கு நேரே எழுதப் பயந்து அவர்கள் கடை விலாசத்துக்கு நான் அனுப்பிய கடிதங்களை மட்டும் அவன் அம்மா பிரித்துப் படித்திருக்கிறார். கல்யாணம் ஆன பிறகு ஒருநாள் அவரே சொன்னார். என் கையெழுத்துப் புரியாத இடங்களில் கடைக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாராம்.